நெடுந்தீவுப் படம் எங்கே இருக்கிறது?

தேடுபொறியில் 'டெல்ஃப்ட்' என்று அடித்துப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது நெதர்லாந்து நகரம்: கால்வாய்கள், நீலமும் வெள்ளையுமான பீங்கான், 1632இல் ஓவியர் வெர்மியர் பிறந்த ஊர். முருகைக்கல் வேலிகளும் பெருக்குமரமும் மட்டக்குதிரைகளும் உள்ள நம்முடைய நெடுந்தீவு அதற்குப் பின்னால் எங்கோ தள்ளி நிற்கும். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. ஊர்காவற்றுறையும் வேலணையும் உள்ள தீவு லெய்டன் ஆனது. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் பழைய வரைபடங்களோடு நின்றுவிட்டன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டது, இன்றுவரை.

பெயர்ச் சிக்கலைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. நாம் இணையத்தில் பார்க்கிற நெடுந்தீவுப் படம் எங்கே இருக்கிறது? பார்க்கிற பக்கத்திலேயே இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் பக்கத்தில் இருப்பது ஒரு முகவரி மட்டுமே. உலாவி அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துவந்து, எழுத்துக்கு நடுவே விட்டுவைத்த இடத்தில் பொருத்துகிறது. நீங்கள் திறக்கும்போது நெடுந்தீவில் ஒரு முறை, ரொறன்ரோவில் உங்கள் தங்கை திறக்கும்போது அங்கே ஒரு முறை. பக்கமும் படமும் வேறு வேறு வழங்கிகளில், வேறு வேறு நாடுகளில்கூட இருக்கலாம். வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பக்கமும் படமும் தனித்தனியே இருக்கலாம் என்ற இந்த வசதியைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டவர்களின் படங்கள் நிலைத்தன. பயன்படுத்தாதவர்களின் படங்கள் தளத்தோடு போயின.

இணையத்தளங்களை நடத்துகிற மென்பொருள்களை நாம் தினமும் தொடுகிறோம். ட்ரூபல் 2001இல் வந்தது, மீடியாவிக்கி 2002இல், வேர்ட்பிரஸ் 2003இல். எழுதுவது, தலைப்பிடுவது, பிரிவுகளில் அடுக்குவது, முகப்பை அழகாக்குவது எல்லாம் இவற்றின் வேலை. படத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்குகிற முறையைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸில் ஒரு படத்தை ஏற்றினால், அது 150, 300, 1024 புள்ளி அகலம் என்று பல அளவுகளில் நகல்களைச் செய்துகொள்கிறது. 2019 முதல், 2560 புள்ளிக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கி, சுருங்கியதையே தளத்துக்குப் பயன்படுத்துகிறது. கோப்பு போய்ச் சேர்வது ஏற்றிய ஆண்டும் மாதமும் பெயராக உள்ள ஒரு கோப்புறைக்குள். படம் எந்த ஊரில் எடுத்தது, யார் எடுத்தார், யாருக்கு உரியது என்பதற்கு அங்கே கட்டாயமான இடம் எதுவும் இல்லை. இது அந்த மென்பொருளின் குற்றம் அல்ல. பக்கத்தை வேகமாகக் காட்டுவதற்காகச் செய்த கருவி அந்த வேலையைச் செய்கிறது.

இதனால் நம் ஊர்த் தளங்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். போர் நடந்த 1990, 1991 ஆண்டுகளில் இந்தத் தீவுகள் அடங்கிய தீவகம் ஏறத்தாழ வெறுமையானது. வேலணைக்காரரும் புங்குடுதீவாரும் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், பிறகு பாரிசுக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். இணையம் வந்ததும் ஊர்ப் பெயரில் தளங்கள் முளைத்தன. மரண அறிவித்தல், கோயில் கொடியேற்றம், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், இடிந்த வீடுகளின் படங்கள். பலவற்றைத் தனி ஒருவர் தம் கைக்காசைப் போட்டு, வேலை முடிந்து வந்த இரவுகளில் நடத்தினார். அவர் களைத்துப்போனார், அல்லது காலமானார். ஆண்டுக் கட்டணம் நின்றது. தளம் மறைந்தது, அதற்குள் இருந்த படங்களும் மறைந்தன, ஏனென்றால் இணையத்தில் அவை வேறெங்கும் இல்லை. படத்தைக் கொடுத்தவரின் கையில் மூலம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது யார், எந்த வருடத் திருவிழா என்று கீழே எழுதியிருந்த வரி? அது பக்கத்தோடு போய்விட்டது. ஒரு சமூகம் இரண்டாவது முறையாக இடம்பெயர்வது போன்ற இழப்பு இது என்றே நான் நினைக்கிறேன். இதைத் தடுக்கும் வழி பல ஆண்டுகளாக நம் கையில் இருப்பதால் மனம் இன்னும் வலிக்கிறது.

வழி இதுதான்: பேணுகிற வேலையையும் காட்டுகிற வேலையையும் பிரிப்பது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மகோற்சவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. வீதிக்கு வருவது எழுந்தருளி. சாத்துப்படி நாளுக்கு நாள் மாறும், வாகனம் மாறும், தேரிலும் ஏறும். ஒளிப்படத்துக்கும் அப்படியே. 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள ஒரு பழைய படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் வருடினால் 2400க்கு 3600, அதாவது 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட்டு. சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட்டு. அதுதான் மூலக்கோப்பு. அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவேண்டும், தொடக்கூடாது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருப்பவரின் கைபேசிக்குப் போகவேண்டியது அதிலிருந்து செய்த 200 கிலோபைட்டு நகல். நகல் கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். மூலம் கெட்டால் எதுவும் செய்வதற்கில்லை.

பெட்டகம் ஓரிடம், பக்கம் ஓரிடம் என்றால் இரண்டையும் கட்டிவைப்பது எது? ஓர் எண். அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

2005ஆம் ஆண்டுப் பொங்கலோடு தொடங்கிய நூலகம் திட்டம் இதற்கு நல்ல சாட்சி. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் தன்னார்வலர்களின் அந்த முயற்சியில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் 'நூலக எண்' உண்டு. விக்கி மென்பொருளில் இயங்கும் தளத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை தெரியும். 'வாசிக்க' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் இன்னொரு முகவரியில் உள்ள கோப்புக் களஞ்சியத்துக்குப் போவீர்கள். 302ஆம் ஆவணம் அங்கே '04' என்ற கோப்புறைக்குள், '302' என்ற கோப்புறைக்குள், '302' என்ற பெயரிலேயே இருக்கிறது. 301 முதல் 400 வரை நான்காவது நூறு, ஆகவே 04. நூலின் பெயரோ ஆசிரியர் பெயரோ கோப்புப் பாதையில் எங்கும் இல்லை. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம், வகையை மாற்றலாம், முகப்பு முழுவதையும் புதிதாகக் கட்டலாம். 302 எப்போதும் 302தான். நாளைக்கு விக்கி மென்பொருளே இல்லாமல் போனாலும், எண்ணையும் விவரத்தையும் ஒரு பட்டியலாக எடுத்து வேறு மென்பொருளில் ஊற்றிவிட்டால் கதவு மறுபடி திறக்கும். செலவு எதுவும் இல்லாத இந்த எளிய முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்தவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உலக அளவில் இதே பாடத்தை விக்கிப்பீடியா பட்டுத்தான் படித்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவும் தன் படத்தைத் தானே ஏற்றிக்கொண்டது. ஒரே படம் ஆங்கிலத்துக்கு ஒரு முறை, பிரெஞ்சுக்கு ஒரு முறை, தமிழுக்கு ஒரு முறை. 2004 செப்டெம்பரில் விக்கிமீடியா பொதுவகம் திறந்தது. அதன்பின் படம் ஓரிடத்தில், பக்கங்கள் எல்லா மொழிகளிலும். ஒவ்வொரு படத்தின் கீழும் அது எந்தெந்த மொழியில் எந்தெந்தக் கட்டுரையில் எடுத்தாளப்படுகிறது என்ற பட்டியல் தானாக வளர்கிறது. பொதுவகத்தில் உள்ள கோப்புகள் இன்று பத்துக் கோடிக்கும் மேல்.

அந்தப் பட்டியலின் அருமை ஒரு பிழையைத் திருத்தும்போது புரியும். நெடுந்தீவில் முருகைக்கல்லால் கட்டிய ஒரு கோட்டை இடிபாடாக நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதாகச் சொல்லப்படும் அதைப் பலரும் 'ஒல்லாந்தர் கோட்டை' என்றே எழுதிவிடுகிறார்கள். படத்தை ஐந்து தளங்கள் தனித்தனியே நகலெடுத்துத் தலைப்பிட்டிருந்தால் ஐந்து இடத்தில் திருத்தவேண்டும், ஐந்து பேரைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஐந்தும் ஒரே பெட்டகத்திலிருந்து படத்தையும் அதன் விவரத்தையும் சேர்த்து எடுத்தால் ஒரு திருத்தம் போதும். இணைப்பில் மட்டமானது நகலெடுத்து ஒட்டுவது, அதைவிட நல்லது முகவரியைச் சுட்டுவது, இன்னும் நல்லது பெட்டகத்தின் மென்பொருளும் தளத்தின் மென்பொருளும் தங்களுக்குள் பேசிக்கொள்வது.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நூலகம் நிறுவனம் ஒளிப்படம், ஒலிப்பதிவு, நிகழ்படம், ஓலைச்சுவடி போன்றவற்றுக்காக 'ஆவணகம்' என்ற இன்னொரு தளத்தை நடத்துகிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் இதில் கைகோத்திருக்கிறது. ஆவணகம் கட்டப்பட்ட மென்பொருளின் பெயர் ஐலண்டோரா. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், அங்குள்ள பல்கலைக்கழக நூலகத்தில் 2006இல் தொடங்கியது அது. ஒரு தீவில் பிறந்த மென்பொருளில் நம் தீவுகளின் படங்கள் வந்து தங்கியிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஐலண்டோரா இரண்டு மென்பொருள்களை இணைக்கிற பாலம். முன்பக்கத்தில் ட்ரூபல். பின்னால் 'ஃபெடோரா' என்ற பெட்டகம், 1990களின் இறுதியில் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வில் உருவானது.

ஒரு படத்தோடு கூடவே போவோம். 1980களில் நெடுந்தீவில் எடுத்த ஒரு முருகைக்கல் வேலிப் படம், இப்போது ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு இழுப்பறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வருடி, ஐலண்டோராவின் இன்றைய பதிப்பில் ஒரு படிவத்தைத் திறக்கிறார் தொண்டர். தலைப்பு, இடம், காலம், எடுத்தவர், உரிமை, பொருள். நிரப்பி, சேமி என்று அழுத்துகிறார். அழுத்தியவர் பார்ப்பது 'சேமிக்கப்பட்டது' என்ற ஒரு வரி. உள்ளே நடப்பது வேறு. ட்ரூபல் ஒரு வரிசையில் சின்னச் சின்னச் செய்திகளைப் போடுகிறது: புதிதாக ஒரு படம் வந்திருக்கிறது, இந்த எண், இந்த இடம். வரிசையின் மறுபக்கம் தனித்தனி வேலைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஹூடினி என்று பெயரிட்ட ஒன்று செய்தியை எடுத்து, மூலத்தைத் திறந்து, சிறுபடத்தையும் நடுத்தர நகலையும் செய்து திருப்பிக் கொடுக்கும். ஒலி, நிகழ்படம் என்றால் ஹோமாரஸ் என்ற இன்னொன்று. எழுத்துள்ள பக்கம் என்றால் ஹைப்பர்கியூப் என்ற மற்றொன்று, டெசரக்ட் என்ற எழுத்துணரியை எழுப்பிப் படத்திலிருந்து தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுக்கச் சொல்லும். மில்லினர் என்பது விவரங்களைப் பெட்டகத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். கடைசியில் தேடல் அட்டவணையில் படம் பதிகிறது.

இதில் என்னை வியக்கவைப்பது வேகம் அல்ல, பொறுமை. எந்த வேலைக்காரரும் இன்னொருவருக்காகக் கதவடியில் நிற்பதில்லை. வழங்கி பாதியில் நின்றுபோனாலும் செய்தி வரிசையில் கிடக்கும். மறுபடி எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊர்களில் இது பெரிய ஆறுதல்.

இப்போது அந்தப் படிவத்தின் 'இடம்' என்ற கட்டத்துக்கு வருவோம். அதில் தொண்டர் 'டெல்ஃப்ட்' என்று எழுதினால் படம் பீங்கான் நகரத்துக்குப் போய்ச் சேரும். 'நெடுந்தீவு' என்று எழுதினால், ஆங்கிலத்தில் மட்டும் தேடுகிற ஆய்வாளர் அதைக் காணமாட்டார். ஆகவே நல்ல பெட்டகம் அந்தக் கட்டத்தில் எழுத்தை வைப்பதில்லை, இன்னோர் எண்ணை வைக்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு தனிப் பதிவு உண்டு: நெடுந்தீவு, டெல்ஃப்ட், சிங்களப் பெயர், ஒல்லாந்தர் ஏடுகளில் உள்ள எழுத்துக்கூட்டல், அகலாங்கு நெட்டாங்கு. எல்லாம் ஒரே இடத்தின் பெயர்கள் என்று அங்கே சொல்லிவைத்தால் போதும். காரைதீவு என்று எழுதிய பழைய கடிதமும் காரைநகர் என்று எழுதிய புதிய மலரும் ஒரே தேடலில் கிடைக்கும். கிழக்கு மாகாணத்துக் காரைதீவு அதில் வந்து கலக்காது. 'குமுதினி' என்று தேடினால் என்ன கிடைக்கவேண்டும்? அது பல பெண்களின் பெயர். நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய படகின் பெயரும் அதுவே. 1985 மே 15இல் அந்தப் படகில் பயணம் செய்தவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வும் அந்தப் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆள், படகு, நிகழ்வு மூன்றுக்கும் மூன்று எண்கள் இருந்தால் நினைவஞ்சலிக் கட்டுரைக்கும் படகுச் சேவைச் செய்திக்கும் நடுவே யாரும் தடுமாறவேண்டியதில்லை. இறந்தவர்களின் நினைவுக்கு அது நாம் செய்கிற மரியாதையும்கூட.

தமிழில் இன்னொரு பொறி இருக்கிறது. ஊர்காவற்றுறை என்ற பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'ஊ' என்பதற்கு ஒருங்குறியில் தனி இடம் உண்டு. ஆனால் 'உ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' அடித்தாலும் அவசரமாகப் பார்க்கிற கண்ணுக்கு ஏறத்தாழ அதே உருவம்தான். மனிதர் வாசித்துவிடுவார், கணினிக்கு அது வேறு சொல். 'கொ' என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒன்றாகவும் பதியலாம், தனித்தனியாகவும் பதியலாம். அவை இரண்டும் ஒன்றே என்று சொல்லும் விதி ஒருங்குறியில் இருக்கிறது. 'ஊ'வுக்கு அப்படி ஒரு விதி இல்லை, நாமேதான் தேடிப் பிடித்துத் திருத்தவேண்டும். இதைவிடப் பெரிய சங்கடம் பாமினி. ஈழத்தில் ஒரு தலைமுறை முழுவதும் மலர்களையும் அழைப்பிதழ்களையும் அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தது. அதில் 'அம்மா' என்று தெரிவதற்குக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் ஐந்து குறிகள். பெட்டகத்துக்குள் போகும் முன்பு இதை ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் எந்தத் தேடலுக்கும் அந்த அம்மா அகப்படமாட்டாள்.

விவரப் பட்டியல் என்றால் அலுப்பான எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளை நினைவூட்ட விரும்புகிறேன். தமிழின் மிகப் பழைய அச்சு நூல்களை அவர் ஐரோப்பிய நூலகங்களில் தேடியலைந்தார். அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியிலிருந்து எடுத்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபடி வெளியிட்டார். அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டிப் பட்டியல் ஒன்றையும் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்தார். எங்கோ ஓர் அலமாரியில் புத்தகம் இருப்பது மட்டும் போதாது, அது இருக்கிறது என்று இன்னோரிடத்தில் எழுதிவைத்திருக்கவேண்டும் என்பதை அவர் நடந்து நடந்தே அறிந்தவர்.

சரி, பெட்டகத்தில் வைத்த மூலம் கெடவில்லை என்று எப்படித் தெரியும்? வட்டில் ஒரு துணுக்கு மாறினாலும் படத்தில் கண்ணுக்குத் தெரியாது, சில சமயம் கோப்பே திறக்காமலும் போகலாம். இதற்கு ஒரு கைரேகை முறை இருக்கிறது. கோப்பின் அத்தனை பைட்டுகளையும் ஒரு கணக்குக்குள் செலுத்தினால் 64 குறிகள் கொண்ட ஒரு தொடர் வெளிவரும். 26 மெகாபைட்டுக்கும் அதே 64, ஒரு வரிக்கும் அதே 64. மூலத்தில் ஒரேயொரு துணுக்கு மாறட்டும், தொடர் முழுவதும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பெட்டகம் குறித்த நாட்களில் கணக்கைத் திரும்பப் போட்டுப் பழைய தொடரோடு ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் இன்னோர் ஊரில் உள்ள படியிலிருந்து நல்ல கோப்பை எடுத்து வைக்கவேண்டும். இன்னோர் ஊரில் படி இருந்தால்.

இரண்டாவது படி என்பது புதிய யோசனை அல்ல. நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. முடிவில், இந்த ஒழுங்கைக் கல்லிலும் செம்பிலும் எழுதியதாகவும் அது சொல்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது கல். ஒன்றை இரு வேறு பொருளில், இரு வேறு இடத்தில் எழுதிவைக்கவேண்டும் என்ற அறிவு இந்தத் தீவுகளில் எண்ணூறு ஆண்டுக்கு மேல் பழமையானது.

அந்த அறிவை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அவற்றில் அடக்கம். பெரிய நாடுகளின் பெரிய நிறுவனங்களும் பத்திரம் என்று சொல்லமுடியாது. 2023 ஒக்டோபரில் லண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தைக் கணினித் தாக்குதல் ஒன்று முடக்கியது. நூற்பட்டியலே 2024 சனவரியில்தான் மீண்டும் இணையத்துக்கு வந்தது. உலகெங்கும் அழியும் நிலையில் உள்ள ஆவணங்களை மின்னாக்க 2004 முதல் நிதி கொடுத்துவருவதும் அதே நூலகம்தான். அந்தத் திட்டத்தில் நான் மெச்சுகிற விதி ஒன்று உண்டு: மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியேறக்கூடாது, மின்படியில் ஒரு தொகுதி உள்ளூரிலும் இருக்கவேண்டும். லண்டன் இருண்டிருந்த மாதங்களில் அந்த விதியின் பெறுமதி தெரிந்தது.

மென்பொருளும் சாகும். இதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுகிறவர்களே உண்மையான காப்பாளர்கள். 2020இல் ஒக்ஸ்போர்ட் பெயரில் ஒரு கோப்படுக்கு ஒழுங்கு வெளியானது. 2021இல் வந்த ஃபெடோரா ஆறாம் பதிப்பு அதன்படியே கோப்புகளை வைக்கிறது. அந்த ஒழுங்கின் முக்கியக் குறிக்கோள் இது: பெட்டக மென்பொருள் முழுவதும் அழிந்து வெறும் வட்டு மட்டும் எஞ்சினாலும், ஒரு மனிதர் கோப்புறைகளைத் திறந்து எது எது, எந்தப் பதிப்பு எப்போது வந்தது என்று தாமே வாசித்துக் கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

காட்டுவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவது சரியல்ல. நம்மிடையே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு மலர் அச்சிடுவார்கள். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்ச வழி, பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற விவரம். தீவகத்துச் சமூக வரலாற்றை எழுத இதைவிட நல்ல சான்று கிடைக்காது: யார் எந்த ஊரில் மணம் முடித்தார், எப்போது இடம்பெயர்ந்தார், மலேயாவில் என்ன வேலை பார்த்தார். ஆனால் அதில் உயிரோடு இருப்பவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். படியெடுத்து ஐந்து தளங்களில் ஒட்டிய பிறகு ஒரு குடும்பம் வந்து, தயவுசெய்து அந்தப் பக்கத்தை எடுங்கள் என்று கேட்டால் யாராலும் முழுதாக எடுக்கமுடியாது. பெட்டகத்தில் ஓரிடத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தை இருபது ஆண்டுக்கு மூடிவைக்கலாம். மூடியதும் அதைச் சுட்டுகிற தளங்கள் எல்லாவற்றிலும் அது மூடிக்கொள்ளும். அவுஸ்திரேலியாவின் வருமுங்கு பழங்குடியினருக்காக 2007இல் தொடங்கிய முக்குர்த்து என்ற ஆவணத் தளம் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. எந்தப் படத்தை எந்தக் குடும்பத்தார் மட்டும் பார்க்கலாம், எதை ஆண்கள் பார்க்கலாகாது என்று சமூகமே வகுத்த ஒழுங்கைக் கதவாக வைத்திருக்கிறது. அதுவும் ட்ரூபலின் மேல் கட்டப்பட்டதே. நம் கோயில்களின் சில சடங்குப் பதிவுகளுக்கும் அந்த யோசனை பொருந்தும்.

ஆகவே ஊர்ச்சங்கம் ஒன்று புதிதாகத் தளம் கட்டப்போகிறது என்றால், கட்டித் தருபவரிடம் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றிப் பேசும் முன் கேட்கவேண்டியவை சில உண்டு. மூலக்கோப்புகள் எங்கே இருக்கும்? தளம் இல்லாமலே அவற்றைத் திறக்கமுடியுமா? ஒவ்வொரு படத்துக்கும் மாறாத எண் உண்டா? விவரங்களை எல்லாம் ஒரு பட்டியலாக எங்கள் கையில் தரமுடியுமா? பதில் தடுமாறினால் வேறொருவரைப் பாருங்கள். தனியாகப் பெட்டகம் கட்டச் சங்கத்திடம் வசதி இல்லாவிட்டால், கட்டி வைத்திருக்கிற ஆவணகம் போன்ற இடத்தில் படத்தைச் சேர்த்துவிட்டு உங்கள் தளத்திலிருந்து அதைச் சுட்டலாம்.

வீட்டில் பழைய படப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிதான வேலை இருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பேணியதாக நினைக்கவேண்டாம். வழியில் அது சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் உதிரும். 600 புள்ளியில் வருடுங்கள். கோப்புக்கு நீங்களே ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு எதிரே ஒரு கொப்பியில் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். தெரிந்த மாமா மாமிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். மென்மையான பென்சிலால் அந்த எண்ணைப் படத்தின் பின்னாலும் குறியுங்கள், பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். பின்பக்கத்தையும் மறக்காமல் வருடி, அதே எண்ணோடு ஓர் 'ஆ' சேர்த்துத் தனிக் கோப்பாக வையுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாருக்கு அனுப்பிய படம் என்று எழுதிய வரி எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.